கான்ட்ராவில் தென்னை ஓலை ஆடுமா?

ஒரு பழைய சண்டையில் இருந்து ஆரம்பிக்கிறேன். விளக்கம் பின்னால் வரும்.

கீரிப்பாறையில் மழை பிடித்துவிட்டால் பால்வெட்டு கிடையாது. ரப்பர் மரத்துப் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஒழுங்காக இறங்காமல் தண்ணீரோடு கலந்து பரந்து வழிந்துவிடும், சிரட்டைக்கு வந்து சேராது. அப்படி வேலையில்லாத நாள்களில் பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், நாங்கள் டிவி முன்னால் இருப்போம். 1990களின் கடைசி. எங்கள் வரிசையில் டிவி கேம் இருந்த வீடு எங்களுடையது. நாகர்கோவிலில் இருந்து வாங்கி வந்த '64 இன் 1' கேசட் ஒன்று. அதில் 64 விளையாட்டு கிடையாது என்பது வாங்கிய அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் கான்ட்ரா இருந்தது. அது போதும்.

தடிக்காரன்கோணத்தில் இருந்து அத்தை மகன் வருவான். அவனுக்கும் ஒரு செட் உண்டு, மாமா கல்ஃபில் இருந்து வரும்போது கொண்டுவந்தது. ஒருநாள் நான் முதல் ஸ்டேஜ் ஆடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்து சொன்னான்: "எங்க வீட்டு கான்ட்ராவுல இந்த மரமெல்லாம் ஆடும்டே. மேப்பும் வரும்."

"புளுவாத மக்கா."

"நெசமாட்டு. ஓல ஆடும்."

சுற்றி இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுவதும் அவனுக்கு 'ஓலை' என்று பட்டப்பெயர். அவன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் மழையிலேயே நடந்து போனான். கொஞ்ச நாளில் அவன் வீட்டு செட் கெட்டுப்போனது. அந்தக் கேசட்டை நான் பார்க்கவே இல்லை.

இருபது வருஷத்துக்கு மேல் நான் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யூடியூபில் கான்ட்ரா பார்க்கும்போதெல்லாம் மரத்தைத்தான் கவனிப்பேன். ஆடவில்லை. ஒருநாள் ஒரே விளையாட்டின் வெவ்வேறு பதிப்புகளை ஒப்பிட்டுக் குறிப்பு எடுக்கத் தொடங்கியபோது, 1988-இல் ஜப்பானில் வந்த கான்ட்ராவை ஓட்டிப் பார்த்தேன். முதலில் கதை எழுத்து வந்தது. அப்புறம் மேப் வந்தது. அப்புறம் காடு. ஓலை ஆடிக்கொண்டிருந்தது.

ஏன் ஒன்றில் ஆடுகிறது, இன்னொன்றில் ஆடவில்லை என்பதைத் தேடிப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

நம் வீட்டில் இருந்தது எது?

நாம் 'டிவி கேம்' என்று சொன்ன பெட்டி, நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமின் நகல். அதே இயந்திரத்தை வேறு உருவத்தில் 1985 முதல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்று விற்றார்கள். இந்தியாவில் சாமுராய் என்ற பெயரில் முறையான என்.இ.எஸ். விற்பனைக்கு வந்ததுண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்தது மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் வந்த மலிவு விலைப் பெட்டிகள்தான். வெளியே என்ன பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே அதே ஃபாமிகாம் அமைப்பு.

இதில் ஒரு சின்ன விவரம் முக்கியம். ஃபாமிகாம் கேசட்டுக்கு 60 பின், அமெரிக்க என்.இ.எஸ். கேசட்டுக்கு 72 பின். ஒன்றை மற்றதில் அப்படியே செருக முடியாது. நம் பெட்டிகளில் இருந்தது 60 பின் செருகுவாய். அதாவது நம்முடையது ஜப்பானிய வழியில் வந்த சாதனம். தைவானிலும் ஹாங்காங்கிலும் நகலெடுத்தவர்களுக்குக் கையில் எளிதாகக் கிடைத்ததும் ஜப்பானியக் கேசட்டுகளே. ஆகவே ஜப்பான் பதிப்பு கல்ஃப் வழியாக தடிக்காரன்கோணம் வந்து சேர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஒரே பெயர், பல விளையாட்டு

கான்ட்ராவின் மூலம் வீட்டு விளையாட்டே இல்லை. 1987-இல் கொனாமி அதைக் கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரமாகத்தான் வெளியிட்டது. அதன் திரை நிமிர்த்தி வைத்த செவ்வகம், உயரம் அதிகம், அகலம் குறைவு. நாம் ஆடியதில் முன்னால் வரும் எதிரியைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம். ஆர்கேடில் அந்த வசதி குறைவு. கோட்டைக்குள் போகும் ஸ்டேஜ்களில் நேரக்கெடுவும் உண்டு. துப்பாக்கி மாற்றும் சின்னங்களில் எம், எஸ், எல் என்ற எழுத்துகள் கிடையாது, படங்கள்தான். 'எஸ் எடு, எஸ் எடு' என்று நாம் கத்தியது வீட்டுப் பதிப்பால் வந்த பழக்கம்.

வீட்டுப் பதிப்பு செய்தவர்கள் ஆர்கேடை அப்படியே சுருக்கவில்லை. காடு, கோட்டை, அருவி, இரண்டாம் கோட்டை வரைக்கும் வரிசை ஒன்றுதான். அதற்குமேல் ஆர்கேடில் ஒரே ஓட்டமாக முடிந்துவிடுகிற பகுதியை, பனிவெளி, எரிசக்தி மண்டலம், கிடங்கு, வேற்றுக்கிரக உயிரியின் குகை என நான்கு தனி ஸ்டேஜ்களாக வளர்த்தார்கள். சின்ன இயந்திரத்துக்கு வந்தபோது விளையாட்டு பெரிதானது. பதிப்பு ஒப்பிடுவதில் முதல் பாடம் எனக்கு இதுதான்: வலுவான இயந்திரத்தில் இருப்பது முழுமையானது, சின்னதில் இருப்பது வெட்டியது என்று முன்கூட்டியே முடிவு செய்யக்கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஓஷன் நிறுவனம் இதை 'கிரைசர்' என்ற பெயரில் ஸ்பெக்ட்ரம், ஆம்ஸ்ட்ராட் போன்ற வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுபோனது. ஆம்ஸ்ட்ராடில் திரை நகராது. ஓரத்துக்குப் போனதும் அடுத்த படம் மாறும், புத்தகத்தில் பக்கம் திருப்புகிற மாதிரி. ஜப்பானின் எம்.எஸ்.எக்ஸ்.2 கணினிக்குக் கொனாமியே 1989-இல் செய்த பதிப்பும் அப்படித்தான். பக்கவாட்டில் சீராக நகர்த்தும் வசதி அந்தக் கணினியின் வன்பொருளில் இல்லை. அதனால் விளையாட்டின் விதியே மாறியது. ஒரு குண்டில் சாவு என்பதற்குப் பதிலாக உயிரளவுக் கோடு வைத்தார்கள். பக்கம் திரும்பியவுடன் எதிரே குண்டு நின்றால் ஆடுகிறவன் என்ன செய்வான்? அந்த அநியாயத்துக்கு ஈடு இது என்று நினைக்கிறேன். இருவர் சேர்ந்து ஆடுவதும் அதில் இல்லை.

1990-இல் ஐரோப்பிய என்.இ.எஸ்.-க்கு வந்தபோது பெயரே 'ப்ரொபோடெக்டர்' ஆகிவிட்டது. பில், லான்ஸ் என்ற இரண்டு வீரர்களும் ரோபோக்களாக மாறினார்கள். மனிதர் மனிதரைச் சுடும் விளையாட்டுகள் விஷயத்தில் ஜெர்மனியில் கெடுபிடி அதிகம். இளைஞர்களுக்குத் தீங்கு என்று அரசு அமைப்பு பட்டியலில் சேர்த்துவிட்டால் கடையில் வெளிப்படையாக வைத்து விற்க முடியாது. ரோபோ ரோபோவைச் சுட்டால் பிரச்சினை இல்லை.

கதையும் ஊருக்கு ஊர் மாறியது. மூலக் கதை நடப்பது 2633-ஆம் ஆண்டில், நியூசிலாந்துப் பக்கம் ஒரு கற்பனைத் தீவுக்கூட்டத்தில். அமெரிக்கக் கையேட்டில் அதையே நிகழ்காலத் தென்னமெரிக்கக் காடாக்கிவிட்டார்கள். நமக்குக் கையேடே கிடையாது. எங்களைப் பொறுத்தவரை அது காளிகேசத்துக்கு மேலே இருக்கிற ஏதோ ஒரு காடு.

ஓலை ஆடியதன் ரகசியம்

இப்போது முக்கியமான விஷயம்.

ஃபாமிகாமுக்குள் இரண்டு மூளை உண்டு. ஒன்று கணக்குப் பார்க்கும் சி.பி.யு. மற்றொன்று படம் வரையும் சிப். இரண்டும் கேசட்டைத் தனித்தனி வழியாகப் பார்க்கின்றன. சி.பி.யு. ஒரு நேரத்தில் கேசட்டில் 32 கிலோபைட் நிரலைப் பார்க்க முடியும். படச் சிப் 8 கிலோபைட் படத்துண்டுகளைப் பார்க்க முடியும். ஒரு படத்துண்டு என்பது 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரம், அதற்கு 16 பைட் ஆகும். ஆக 8 கிலோபைட்டில் 512 துண்டுகள். பொதுவாகப் பாதி பின்புலத்துக்கு, பாதி ஓடுகிற ஆள், குண்டு, எதிரிக்கு. திரையில் தெரிகிற காடு, பாறை, தண்ணீர் எல்லாம் இந்தச் சதுரங்களைத் திரும்பத் திரும்ப ஒட்டிச் செய்ததுதான். தரையில் டைல்ஸ் பதிப்பது போல.

இந்த அளவுக்குமேல் வேண்டுமென்றால் கேசட்டுக்குள்ளேயே ஒரு சிப் வைத்து, 'இப்போது இந்தப் பகுதியைப் பார், இப்போது அந்தப் பகுதியைப் பார்' என்று மாற்றிக் காட்ட வேண்டும். அந்தச் சிப்புக்கு மேப்பர் என்று பெயர். கேசட்டை வெறும் ஒலிநாடா மாதிரி நினைத்தோம். உண்மையில் ஒவ்வொரு கேசட்டும் இயந்திரத்தின் ஒரு பாகம். கேசட் மாறினால் இயந்திரமே கொஞ்சம் மாறுகிறது.

ஜப்பான் கான்ட்ராவில் கொனாமி தானே செய்த வி.ஆர்.சி.2 என்ற மேப்பர் இருக்கிறது. நிரலுக்கு 128 கிலோபைட், படத்துண்டுகளுக்குத் தனியாக 128 கிலோபைட். அமெரிக்கக் கான்ட்ராவில் இருப்பது நின்டெண்டோவின் எளிய பலகை. நிரல் 128 கிலோபைட். படத்துக்குத் தனி ரோம் கிடையாது. அதற்குப் பதிலாக 8 கிலோபைட் வெற்று ராம், அதாவது எழுதி அழிக்கக்கூடிய நினைவகம். படங்கள் நிரலோடு நிரலாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். ஸ்டேஜ் தொடங்கும்போது சி.பி.யு. அவற்றை விரித்து ராமில் எழுதும். மொத்தக் கொள்ளளவைப் பார்த்தால் ஜப்பான் கேசட்டில் பாதிதான் இது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பள்ளிக்கூடத்தை வைத்துச் சொல்லலாம். சுவரில் தொங்குகிற சார்ட்டை மாற்ற ஒரு நொடி போதும், ஒன்றை எடுத்து இன்னொன்றை மாட்டினால் ஆயிற்று. கரும்பலகை என்றால் அழித்து, மறுபடி வரைய வேண்டும். ஜப்பான் கேசட் சார்ட். அமெரிக்கக் கேசட் கரும்பலகை.

வி.ஆர்.சி.2 படத்துண்டுகளை 1 கிலோபைட் கட்டுகளாக மாற்றும். ஒரு கட்டு என்றால் 64 துண்டுகள். ஓலை இடப்பக்கம் சாய்ந்த கட்டு ஒன்று, வலப்பக்கம் சாய்ந்த கட்டு ஒன்று. மேப்பரிடம் எண்ணை மாற்றிச் சொன்னால் போதும், திரையில் உள்ள அத்தனை ஓலையும் ஒரே நேரத்தில் ஆடும். சி.பி.யு.வுக்கு வேலையே இல்லை.

அமெரிக்கக் கேசட்டில் அதையே செய்ய வேண்டுமென்றால் 1,024 பைட்டைக் கையால் எடுத்து எழுத வேண்டும். அதுவும் எப்போது வேண்டுமானாலும் எழுத முடியாது. டிவி ஒரு படத்தை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் வருகிற சின்ன இடைவெளியில்தான் எழுதலாம். அந்த இடைவெளி சி.பி.யு. கணக்கில் சுமார் 2,270 துடிப்புகள். அதில் ஐந்நூற்றுச் சொச்சம் ஆள், குண்டு இருக்கும் இடங்களைப் படச் சிப்புக்கு அனுப்பவே போய்விடும். மீதியில் நகர்கிற காட்டின் புது வரிசையையும் எழுத வேண்டும். நடைமுறையில் ஒரு தடவைக்கு நூறு, இருநூறு பைட் அளவுதான் கிடைக்கும். செய்யவே முடியாது என்பதில்லை, ஆனால் பாடு. அந்தப் பாட்டை ஓலைக்காக யாரும் படவில்லை.

இதே காரணத்தால்தான் ஐந்தாம் ஸ்டேஜில் ஜப்பான் பதிப்பில் காற்றோடு பனி பறக்கிறது, அமெரிக்கப் பதிப்பில் பனி தரையோடு சரி. கடைசிக் குகையின் சுவர்கள் ஜப்பான் பதிப்பில் உயிருள்ளது மாதிரி அசைகின்றன. ஸ்டேஜ்களுக்கு முன்னால் வரும் மேப், முடிந்ததும் வரும் படக்காட்சி இரண்டும் அமெரிக்காவில் இல்லாமல் போனதற்கும் இடம்தான் காரணம். படம் வைக்க ரோம் வேண்டாமா?

அமெரிக்காவுக்கு ஏன் குறைத்துக் கொடுத்தார்கள்?

அமெரிக்கன் காசில்லாதவன் இல்லையே. இது ரசனையும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. வியாபார ஏற்பாடு.

ஜப்பானில் கொனாமிக்குத் தன் கேசட்டைத் தானே தயாரிக்கும் உரிமை இருந்தது. அதனால் தன் சொந்தச் சிப்பை வைத்தார்கள். அமெரிக்காவில் நின்டெண்டோ ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு பூட்டுச் சிப் வைத்தது. கேசட்டில் அதன் ஜோடிச் சிப் இல்லாவிட்டால் விளையாட்டு ஓடாது. ஜோடிச் சிப் நின்டெண்டோவிடம் மட்டும். எனவே கேசட்டைத் தயாரிப்பதும் நின்டெண்டோதான், அது தருகிற பலகைகளில்தான் விளையாட்டு ஏற வேண்டும். ஒரு நிறுவனம் வருஷத்துக்கு ஐந்து விளையாட்டுக்குமேல் வெளியிடக்கூடாது என்றும் கட்டுப்பாடு இருந்தது. கொனாமி அல்ட்ரா என்று இன்னொரு பெயரில் கிளை தொடங்கி அதைச் சமாளித்தது. ஆனால் வி.ஆர்.சி.2 சிப்பை அங்கே கொண்டுபோக முடியவில்லை.

அந்தப் பூட்டு நம் 60 பின் பெட்டிகளில் கிடையாது, ஏனென்றால் ஜப்பான் ஃபாமிகாமிலேயே கிடையாது. எதைச் செருகினாலும் ஓடும். கள்ள நகலுக்குக் கதவு திறந்திருந்ததும் அதனால்தான். ஜப்பான் கான்ட்ரா ஓடியதும் அதனால்தான்.

அப்படியானால் என்னுடைய '64 இன் 1'-இல் ஓலை ஏன் ஆடவில்லை? பல விளையாட்டுகளை ஒரே பலகையில் அடைக்கிறவர்களுக்கு எல்லாமே ஒரே எளிய மேப்பரில் ஓட வேண்டும். அமெரிக்கக் கான்ட்ரா அதற்கு வாகாக இருந்தது: பாதி அளவு, எளிய பலகை, படத்துக்குத் தனி ரோம் வேண்டாம். அந்தக் கேசட் இன்னமும் என்னிடம் இருக்கிறது. பின்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துப் போட்டேன், ஓடியது. மேப் இல்லை, கதை இல்லை, மரம் அசையவில்லை. அவனுடையது தனிக் கேசட், உள்ளே ஒரே ஒரு விளையாட்டு. அதில் முழு இடமும் கான்ட்ராவுக்கே.

பாட்டு ஏன் மெதுவாக இருந்தது?

இது நான் தேடாமலே கிடைத்தது.

யூடியூபில் கான்ட்ரா முதல் ஸ்டேஜ் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ இடிக்கும். அவசரமாக ஓடுகிற மாதிரி இருக்கும். ஆடிப் பார்த்தால் இன்னும் மோசம். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய இடங்களில் செத்துச் செத்து விழுந்தேன். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காரணம் கரண்ட். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை திரையை வரையும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில் அதையொட்டி வைத்த கணக்கு அது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1982 டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது இந்தியா எடுத்துக்கொண்டது நொடிக்கு 50 முறை வரையும் பால் முறை. நம் டிவிக்கென்று செய்த நகல் பெட்டிகளும் 50-இல் ஓடின.

கான்ட்ரா போன்ற விளையாட்டுகளில் எல்லாக் கணக்கும் இந்தத் துடிப்பை வைத்துத்தான். ஒரு முறை திரை வரைந்தால் ஆள் ஒரு அடி, குண்டு இத்தனை புள்ளி, பாட்டு ஒரு சின்ன நகர்வு. துடிப்பு 60-இல் இருந்து 50 ஆனால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகம். அமெரிக்காவில் 60 நொடியில் முடிகிற ஓட்டம் நம்மிடம் 72 நொடி. குண்டும் அதே கணக்கில் மெதுவாகத்தான் வரும். நாங்கள் கெட்டிக்காரர்களாக இருந்ததில் ஒரு பங்கு மின்சார வாரியத்துக்கும் போக வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம். ஐரோப்பாவுக்கான என்.இ.எஸ்.-இல் சி.பி.யு.வின் வேகத்தையே 1.79 மெகாஹெர்ட்ஸில் இருந்து 1.66-க்குக் குறைத்துவிட்டார்கள். ஒலியும் அதே கடிகாரத்தில் இருந்து வருவதால், திருத்தாமல் ஓட்டினால் பாட்டின் காலமும் குறையும், சுருதியும் இறங்கும். தைவானில் யு.எம்.சி. நிறுவனம் செய்த, நகல் பெட்டிகளில் பரவலாக இருந்த பால் சிப்புகள் வேறு மாதிரி. சி.பி.யு. 1.77 மெகாஹெர்ட்ஸ். மூலத்துக்கும் இதற்கும் ஒரு சதவீதம்தான் வித்தியாசம். அதனால் சுருதி அப்படியே, காலம் மட்டும் விளம்பம். அதே பாட்டு, அதே சுருதி, நிதானமாக.

சி.பி.யு. வேகம் கிட்டத்தட்ட மாறாமல் திரைத் துடிப்பு மட்டும் குறைந்ததால் வேறொரு லாபமும் உண்டு. ஜப்பானில் ஒரு திரைக்கு சி.பி.யு.வுக்குக் கிடைப்பது சுமார் 29,780 துடிப்புகள். இந்த நகல் சிப்புகளில் சுமார் 35,460. எதிரிகள் கூட்டமாக வரும்போது மூலத்தில் திணறி இழுக்கிற இடங்களை இது திணறாமல் தாண்டும். விளையாட்டு மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒரே சீராகப் போகும்.

படமும் கொஞ்சம் மாறும். விளையாட்டு வரைவது 240 வரிகள். பால் டிவியில் தெரியக்கூடிய வரிகள் அதைவிட அதிகம். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும், நடுவில் உள்ள படம் அமுங்கித் தெரியும். நம் பில்லும் லான்ஸும் ஜப்பான்காரர் பார்த்ததைவிடக் கொஞ்சம் குட்டை.

மாறாததையும் சொல்ல வேண்டும். ஒரே வரிசையில் நிறைய குண்டுகள் வந்தால் சில மின்னி மறையும். அது எங்கள் டிவியின் கோளாறு என்று நினைத்து மேலே தட்டியிருக்கிறோம். ஒரு வரியில் எட்டுத் துண்டுகளுக்குமேல் காட்ட முடியாது என்பது ஃபாமிகாம் படச் சிப்பின் வரம்பு. ஜப்பானிலும் மின்னியது, கீரிப்பாறையிலும் மின்னியது.

ஒப்பிட நினைக்கிறவர்களுக்கு

நான் பட்டுத் தெரிந்துகொண்டவை மூன்று.

பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள். எந்த நாட்டுக் கேசட், எந்த மேப்பர், எந்தத் துடிப்பு என்று மூன்றையும் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். மெசென் போன்ற எமுலேட்டரில் ஜப்பான்-அமெரிக்க வேகம், ஐரோப்பிய வேகம், நகல் பெட்டி வேகம் என்று மூன்றையும் மாற்றி ஓட்டலாம். நகல் பெட்டிக்கான அமைப்புக்கு அதில் 'டெண்டி' என்று பெயர், ரஷ்யாவில் புகழ்பெற்ற நகல் பெட்டியின் பெயர் அது. நம் வீட்டு அனுபவத்துக்கு மிக நெருக்கமானது அதுவே.

ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாப் பதிப்பிலும் அதையே பாருங்கள். நான் முதல் ஸ்டேஜில் பாலம் வெடிக்கிற இடம் வரைக்கும் எடுத்துக்கொண்டேன். முழு விளையாட்டையும் பார்த்தால் கண் ஏமாற்றும்.

மூன்றாவது, 'ஒரிஜினல்' என்ற சொல்லில் கவனமாக இருங்கள். சின்ன வயதில் எங்களுக்கு ஒரு தாழ்வு உண்டு: நம்மிடம் இருப்பது டூப்ளிகேட், அமெரிக்கப் பையனிடம் இருப்பதுதான் அசல். அட்டைப்பெட்டியும் கையேடும் முத்திரையுமாக அவன் காசு கொடுத்து வாங்கிய கேசட்டில் மேப் இல்லை, பனிக்காற்று இல்லை, ஓலை ஆடவில்லை. தடிக்காரன்கோணத்தில் லேபிள் உரிந்த ஒரு கள்ளக் கேசட்டில் எல்லாம் இருந்தது. கள்ள நகலை நான் நியாயப்படுத்தவில்லை. செய்தவர்களுக்கு ஒரு பைசாவும் போகவில்லை. ஆனால் எது முழுமை என்பதை முத்திரை முடிவு செய்வதில்லை.

கடைசியாக

எல்லாம் உறுதியான பிறகு அத்தை மகனுக்கு ஃபோன் செய்தேன். ஓலை ஆடும், நீ சொன்னது சரி, நான்தான் அன்றைக்குத் தப்பாகச் சிரித்தேன் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஓலையா? நான் பனி பறக்கும்னு இல்லடே சொன்னேன்."

எனக்கு ஓலை என்று அவ்வளவு தெளிவாக ஞாபகம். பட்டப்பெயரே அதுதானே. அவனுக்குப் பட்டப்பெயர் ஞாபகமில்லை, மழையில் நடந்தது ஞாபகம் இருக்கிறது. சந்தை வரைக்கும் நனைந்துகொண்டே போனதாகச் சொன்னான். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அந்தக் கேசட்டில் அது உண்டு என்பதால் இந்த வழக்கு அவன் பக்கம்தான் தீரும்.

பாட்டு விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. முதல் ஸ்டேஜ் பாட்டை 60-இல் ஒன்று, 50-இல் ஒன்று என்று பதிந்து, பெயர் எதுவும் போடாமல் அனுப்பி வைத்தேன். எது நம்ம பாட்டு என்று மட்டும் கேட்டேன்.

ராத்திரி பதில் வந்தது. "ரெண்டாவது. மொதல்ல உள்ளது என்னத்துக்குடே இப்பிடி ஓடுது?"

இரண்டாவதுதான் 50.